மாடும் மன்னரும்: இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் முந்நூறு ஆண்டுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர் வரலாற்றில் ஏதாவது ஒரு பகுதியைப் பேசுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த எல்லைப் போர்களை எடுத்துக்கொண்டேன். நம்மில் பலருக்கு இது ஒரு ஹாலிவுட் படத்தின் வழியாகத்தான் அறிமுகம். முகத்தில் நீலம் பூசிய வில்லியம் வாலஸ் குதிரைமேல் வந்து விடுதலை முழக்கம் இடுவார். அந்தப் படத்தில் ஸ்டர்லிங் பாலச் சண்டை உண்டு, பாலம்தான் கிடையாது. 1297 செப்டம்பர் 11 அன்று ஆங்கிலப் படையைத் தோற்கடித்ததில் பாதிப் பெருமை அந்தக் குறுகிய பாலத்துக்கே சேரும். பாதிப் படை கடந்து வரும்வரை காத்திருந்து, வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் பாய்ந்தார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வீரம் மட்டும்தான். வீரத்தை வைத்து வரலாறு எழுத முடியாது என்பது என் பழைய புகார்.

இன்று பெரிய போர்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 1296 முதல் 1603 வரையான முந்நூறு ஆண்டுகளில் இரு நாட்டுப் படைகளும் களத்தில் நேருக்கு நேர் மோதிய நாள்களைக் கூட்டினால் சில வாரங்கள்கூடத் தேறாது. மற்ற நாள்களில் அங்கே நடந்தது வேறு போர். மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, கூரையைக் கொளுத்துவது, ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது. லண்டனும் எடின்பரோவும் இதை ஒழுக்கங்கெட்ட எல்லைக்காரர்களின் திருட்டு என்று எழுதி வைத்தன. அந்தத் திருட்டை வளர்த்து, கூலி கொடுத்து, கணக்கும் கேட்டு வாங்கியவை அதே இரண்டு அரசுகள்தாம் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் இடம். மேற்கே சால்வே கழிமுகம். கிழக்கே ட்வீட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெர்விக் நகரம். நடுவே செவியட் மலைகள். 1237இல் யார்க் நகரில் ஸ்காட்லாந்தின் இரண்டாம் அலெக்சாண்டரும் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியும் செய்துகொண்ட உடன்படிக்கை ஏறத்தாழ இந்தக் கோட்டை எல்லையாக ஏற்றது. 1249இல் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேராக வீரப்பெருமக்கள் கூடி, எல்லைக்கென்று தனிச் சட்டம் வகுத்தார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் ஓடிய திருடனை எங்கே விசாரிப்பது, எப்படி ஈடு வாங்குவது என்பதெல்லாம் அதில் இருந்தது. இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு சட்டம் எழுதிய அந்தக் காலத்தில் எல்லை அமைதியாகவே இருந்தது. ட்வீட் பள்ளத்தாக்கின் மடங்கள் கம்பளி விற்றுச் செழித்தன.

இந்த அமைதி கெட்ட கதை பலருக்குத் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். 1286இல் மூன்றாம் அலெக்சாண்டர் இரவு நேரக் குதிரைப் பயணத்தில் விழுந்து இறந்தார். வாரிசான பேத்தியும் 1290இல் இறந்தாள். அரியணைக்குப் பலர் போட்டியிட, தீர்ப்புச் சொல்ல வந்த இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மேலாதிக்கம் கோரினார். ஸ்காட்லாந்து பிரான்சோடு கைகோத்தது. 1296 மார்ச்சில் எட்வர்டு பெர்விக்கைப் பிடித்து நகரத்தாரை வெட்டிச் சாய்த்தார். அங்கே ஃப்ளாண்டர்ஸ் நாட்டு வணிகர்கள் தங்கள் கிடங்குக்குள் நின்று எதிர்த்தபோது, கிடங்கோடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய துறைமுகம் அதுதான். பிறகு 1482 வரை அந்த நகரம் பலமுறை கை மாறியது. கடைசியில் இங்கிலாந்திடமே தங்கிவிட்டது.

1314இல் பேனக்பர்னில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் வென்றார். அந்த வெற்றியைவிட, அதற்கு முன்பும் பின்பும் அவர் கையாண்ட முறைதான் நமக்கு முக்கியம். அவரிடம் கோட்டைகளை முற்றுகையிடும் கருவிகள் குறைவு, கனரகக் குதிரைப்படை குறைவு. ஆகவே வட இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் குறிவைத்தார். விளைச்சல் சமயத்தில் வேகமான சிறு குதிரைகளில் வந்து, மாட்டை ஓட்டிக்கொண்டு, பயிரைக் கொளுத்திவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்றால் பணம் கட்ட வேண்டும். டர்ஹம் வட்டாரம் தன் மன்னருக்கு வரி கட்டியதோடு எதிரி மன்னருக்கும் காவல் கூலி கட்டியது. எதிரியின் மக்களிடமிருந்தே போர்ச் செலவை வசூலிப்பது எப்படி என்று எல்லைக்குக் கற்றுக் கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் தேசிய வீரர். எடின்பரோவில் போய் இப்படிச் சொன்னால் முறைப்பார்கள்.

1327இல் இந்த முறையைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. பதினான்கு வயது மன்னர் மூன்றாம் எட்வர்டுக்குத் துணையாக ஐரோப்பாவிலிருந்து வந்த ஜான் லெ பெல். ஸ்காட்லாந்துப் படையோடு வண்டி இல்லை, சமையல்காரர் இல்லை, ரொட்டி இல்லை. ஒவ்வொருவனும் சேணத்துக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டு, பின்னால் ஒரு பை ஓட்ஸ் மாவு. தட்டை நெருப்பில் போட்டு மாவைக் கரைத்து மெல்லிய அடை சுட்டுக்கொள்வான். இறைச்சிக்கு, வழியில் பிடித்த மாடு. அந்த மாட்டின் தோலையே கொப்பரையாகக் கட்டித் தண்ணீர் ஊற்றி அதில் வேகவைப்பார்கள். ஆங்கிலப் படை வீயர்டேல் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்தபடி பல நாள் தேடியும் மடக்க முடியவில்லை. ஒரு நாள் இரவு ஜேம்ஸ் டக்ளஸ் என்ற தளபதி பாளையத்துக்குள் புகுந்து சிறுவனான மன்னரின் கூடாரக் கயிறுகளையே வெட்டிவிட்டுப் போனார். கடைசியில் அவர்கள் இடத்தைக் காலி செய்து போனபின் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது, மயிரோடு தொங்கிய நூற்றுக்கணக்கான தோல் கொப்பரைகள்.

அதே காலத்தில் ஆண்ட்ரூ ஹார்க்லே என்றொரு ஆங்கிலத் தளபதி இருந்தார். 1315இல் புரூஸின் முற்றுகையிலிருந்து கார்லைல் நகரத்தைக் காப்பாற்றியவர். மன்னரால் வடக்கைக் காக்க முடியாது என்று தெரிந்ததும் 1323இல் தாமாகவே புரூஸிடம் போய்ச் சமாதானம் பேசி முடித்தார். அதற்காக அவரைத் துரோகி என்று தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட்டார்கள். அடுத்த ஐந்தே ஆண்டில் அரசு அதைப் போன்ற ஓர் உடன்படிக்கையைத் தானே செய்துகொண்டது. எல்லையில் வாழ்பவன் தானாகச் சமாதானம் செய்துகொண்டால் அது துரோகம் என்பது இங்கே நிலைநாட்டப்பட்டது.

இடையில் நிறையப் போர்கள். 1333 ஹாலிடன் ஹில், 1346 நெவில்ஸ் கிராஸ், 1388 ஆட்டர்பர்ன். 1460இல் ராக்ஸ்பர்க் முற்றுகையில் தன் பீரங்கி வெடித்துச் சிதறி ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மாண்டார். அந்த ராக்ஸ்பர்க் ஒரு காலத்தில் பெரிய வணிக நகரம். இன்று கெல்சோவுக்குப் பக்கத்தில் புல் மேடாகக் கிடக்கிறது. 1502இல் 'நிரந்தர அமைதி' என்ற பெயரிலேயே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1513 செப்டம்பர் 9 அன்று ஃப்ளாடனில், கையெழுத்திட்ட நான்காம் ஜேம்ஸ் மன்னர் தம் பிரபுக்களோடு வெட்டுண்டு கிடந்தார். அந்தப் போரில் ஒரு சிறு செய்தி எனக்குப் பிடிக்கும். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஆங்கிலப் பாளையத்தைக் கொள்ளையடித்தவர்கள் ஆங்கில எல்லைக்காரர்கள்தாம் என்று டர்ஹம் ஆயர் புலம்பி எழுதியிருக்கிறார்.

இப்போது நான் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1540கள்.

1542இல் சால்வே மாஸ் சதுப்பில் ஸ்காட்லாந்துப் படை சிதறியது. சில வாரங்களில் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தார். வாரிசு, பிறந்து ஆறு நாளே ஆன பெண் குழந்தை மேரி. அந்தக் குழந்தையைத் தன் மகன் எட்வர்டுக்குக் கட்டிவைக்க எட்டாம் ஹென்றி விரும்பினார். ஸ்காட்லாந்து பின்வாங்கியதும், பெண் கேட்டவர் படையை அனுப்பினார். 1544 மே மாதம் ஹார்ட்ஃபர்ட் பிரபு கடல்வழி வந்து எடின்பரோவைக் கொளுத்தினார். நிலவழியே எல்லையை அழிக்கும் பொறுப்பு சர் ரால்ஃப் ஈவர்ஸ், சர் பிரையன் லேட்டன் போன்ற எல்லை அதிகாரிகளிடம் விடப்பட்டது.

அவர்கள் தலைநகருக்கு அனுப்பிய கணக்கு இன்றும் இருக்கிறது. 1544 ஜூலை 2 முதல் நவம்பர் 17 வரை. இந்த ராத்திரி இன்ன ஊர், இத்தனை மாடு, இத்தனை கைதி என்று பதிவு. கடைசியில் கூட்டுத்தொகை. எரித்த ஊர்கள், கோபுர வீடுகள், தேவாலயங்கள் எல்லாம் சேர்த்து 192. கொன்ற ஸ்காட்லாந்துக்காரர் 403. பிடித்த கைதிகள் 816. மாடுகள் 10,386. செம்மறி ஆடுகள் 12,492. குதிரைகள் 1,296. வெள்ளாடுகள் 200. தானியம் 850 மூட்டை அளவு. பாத்திரம் பண்டங்களுக்குத் தொகை போடவில்லை, எண்ணி மாளாது போலும்.

மாட்டின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறத்தாழப் பத்தாயிரம் என்று எழுதவில்லை, கடைசி ஆறு மாடு வரை விடாமல் எழுதியிருக்கிறார்கள். ராத்திரியில் கொள்ளையடித்து, மலைவழியே ஓட்டிவந்து, பங்கு பிரிக்க வேண்டியவன்தான் இவ்வளவு துல்லியமாக எண்ணுவான். இதைத் திருட்டு என்று யாரும் அன்று சொல்லவில்லை. மன்னருக்குச் செய்த சேவை என்றே கணக்கில் ஏறியது. இதே ஆட்கள் இதே வேலையைச் சமாதான ஆண்டில் செய்தால் தூக்கு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹார்ட்ஃபர்ட் மறுபடி வந்தபோது கணக்கு இன்னும் பெரிதாயிற்று: மடங்கள் 7, கோட்டைகளும் கோபுரங்களும் 16, சந்தை நகரங்கள் 5, சிற்றூர்கள் 243, ஆலைகள் 13, மருத்துவ இல்லங்கள் 3. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் மெல்ரோஸ், கெல்சோ, டிரைபர்க் மடங்களின் இடிபாடு, பெரும் பகுதி அந்த நூற்றாண்டின் வேலை.

இதில் இன்னொரு விநோதம். அந்தக் கணக்கில் உள்ள கொள்ளைகளில் சிலவற்றைச் செய்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களே. டீவியட்டேல் பள்ளத்தாக்குக் குடிகள் பலர், தங்கள் ஊர் எரியாமலிருக்க இங்கிலாந்திடம் உறுதிமொழி கொடுத்து, ஜார்ஜ் புனிதரின் சிவப்புச் சிலுவையைச் சட்டையில் தைத்துக்கொண்டு கூலி வாங்கினார்கள். 1545 பிப்ரவரி 27 அன்று ஆங்க்ரம் மூரில் ஈவர்ஸும் லேட்டனும் ஒரு ஸ்காட்லாந்துப் படையைத் துரத்திக்கொண்டு மேடேறினார்கள். மறுபக்கம் மறைந்திருந்த படை எதிரே எழுந்தது, மாலை வெயில் கண்ணில் அடித்தது. சண்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும், ஆங்கிலப் படையோடு வந்திருந்த எழுநூறு டீவியட்டேல்காரர்கள் சிவப்புச் சிலுவையைப் பிய்த்து எறிந்துவிட்டு, அதுவரை தங்களுக்குக் கூலி கொடுத்தவர்களையே வெட்டத் தொடங்கினார்கள். ஈவர்ஸும் லேட்டனும் அங்கேயே இறந்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்துப் பின்க்கி போர். ஆங்கிலப் படையோடு போன வில்லியம் பேட்டன் என்பவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். எல்லைக்காரர்கள் அணிந்த சிலுவைகள் மிகச் சிறியவையாம். ஊதினால் விழும் அளவுக்கு லேசாகத் தைத்திருந்தார்களாம். எதிரெதிர் அணியில் நின்ற எல்லைக்காரர்கள் ஈட்டி நீள இடைவெளியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சண்டை போடுவதுபோல் பாசாங்கு செய்தார்கள். பேட்டனுக்கு இது எரிச்சல். எனக்கு, அந்த முந்நூறு ஆண்டுப் போரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட உண்மையான வரி கிடையாது என்று தோன்றுகிறது. அப்படிப் பேசிக்கொண்டவர்கள் மாமன் மச்சானாக இருந்திருக்கலாம். எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்க உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் என்று சட்டம் இருந்தது. 1583இல் தாமஸ் மஸ்கிரேவ் என்ற ஆங்கில எல்லை அதிகாரி அமைச்சர் பர்லிக்கு எழுதிய நீண்ட கடிதம், யார் யாருக்குச் சம்பந்தி என்ற வம்ச விவரத்தால் நிறைந்திருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தது.

இவர்கள் வாழ்ந்த விதத்தைச் சற்றுப் பார்ப்போம். லிட்டிஸ்டேல், டைன்டேல், ரீட்ஸ்டேல் போன்ற பள்ளத்தாக்குகளில் உழவுக்கு நிலம் குறைவு, மேய்ச்சல்தான் பிழைப்பு. டைன்டேல், ரீட்ஸ்டேலில் தந்தையின் நிலத்தை மகன்கள் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கம். இரண்டு தலைமுறையில் ஆளுக்கு ஒரு துண்டு. எரியக்கூடிய வீட்டில் பணம் போட எவனுக்கும் மனமில்லை. ஏழைகள் சில மணி நேரத்தில் எழுப்பக்கூடிய மண் குடிசையில் இருந்தார்கள். வசதி உள்ளவன், ஒரு மீட்டருக்கு மேல் தடித்த கல் சுவர் வைத்து இரண்டடுக்கு வீடு கட்டுவான். கீழே மாடு, மேலே மனிதர். ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கொள்ளைக்குரிய காலம் இலையுதிர் பருவத்தில் தொடங்கும். கோடை முழுதும் மேய்ந்த மாடு கொழுத்திருக்கும், ஆறுகளும் சதுப்பும் கடக்க முடியும், இரவும் நீளமாக இருக்கும்.

ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், ஸ்காட், கெர், மாக்ஸ்வெல், சார்ல்டன், ராப்சன் என்று ஒவ்வொரு குடிப்பெயரும் ஒரு சிறு படை. ஒரே பெயரில் பத்து வில், பத்து ஜாக் இருந்ததால் பட்டப்பெயர் வைத்தார்கள். அரசுப் பதிவேடுகளிலேயே 'மூக்கில்லாத கிளெம்', 'விரலில்லாத வில்' என்று வருகிறது. தொழிலில் எது எது போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆநிரை கவர்தல் என்றதும் இந்த அவையில் பலருக்கு வெட்சி நினைவுக்கு வந்திருக்கும். தொல்காப்பியர் புறத்திணையை வெட்சியில்தான் தொடங்குகிறார். மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான். எல்லைக்காரர்களுக்கும் கரந்தை உண்டு, அதற்கு எழுதிய சட்டமே உண்டு. திருட்டுப் போன ஆறு நாளுக்குள் துரத்தினால், எல்லை தாண்டியும் போகலாம். ஒளிந்து போகக் கூடாது. மோப்ப நாய் முன்னே போக வேண்டும், கொம்பு ஊத வேண்டும், ஈட்டி முனையில் எரியும் மண்கரிக் கட்டி ஒன்றைச் செருகியிருக்க வேண்டும். அதைப் பார்த்தவன் எந்த நாட்டான் ஆனாலும் சேர்ந்து துரத்த வேண்டும். ஆனால் நம் இலக்கணத்தில் வெட்சி என்பது போர் வரப்போகிறது என்பதற்கான அறிவிப்பு. அங்கே அது போர் முடிந்த பின்னும் முடியாத மிச்சம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒன்று என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

நிர்வாகத்துக்காக எல்லை ஆறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பக்கத்துக்குக் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன். ஸ்காட்லாந்து வார்டன்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெருங்குடியினர், அதாவது கொள்ளைக்கும் அவர்களே தலைவர்கள், நீதிக்கும் அவர்களே தலைவர்கள். குறித்த நாளில் எதிர்வட்ட வார்டன்கள் இருவரும் எல்லையில் சந்திப்பார்கள். அதுதான் சமாதான நாள். மறுநாள் சூரியன் உதிக்கும்வரை யார் மேலும் கை வைக்கக் கூடாது. ஆங்கில வார்டன் ஆறு ஸ்காட்லாந்துக்காரரையும், ஸ்காட்லாந்து வார்டன் ஆறு ஆங்கிலேயரையும் நடுவராகப் பொறுக்குவார்கள். குற்றம் உறுதியானால் போன பொருளின் மதிப்பைப் போல மும்மடங்கு ஈடு. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைச் செய்து வைத்த மக்களைச் சட்டமில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

அது கெட்டுப்போகவும் செய்யும். 1575 ஜூலை 7, இன்று கார்ட்டர் பார் என்று அழைக்கும் கணவாய்க்கு அருகில் சர் ஜான் ஃபார்ஸ்டரும் சர் ஜான் கார்மைக்கேலும் சந்தித்தார்கள். வெயில் நாள். மிட்டாய், துணி, சாராயம் விற்கும் வியாபாரிகள் கடை போட்டிருந்தார்கள். ஓர் ஆங்கிலக் குற்றவாளியை ஒப்படைக்கவில்லை என்று வாய்த் தகராறு. டைன்டேல் ஆட்கள் அம்பு எய்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர் முதலில் ஓடினார்கள். துரத்தியவர்கள் வியாபாரிகளின் கடைகளைக் கண்டதும் துரத்துவதை விட்டுவிட்டுக் கொள்ளையில் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்து ஜெட்பர்க் நகரத்திலிருந்து ஆள்கள் வந்து சேர, ஆட்டம் திரும்பியது. சர் ஜார்ஜ் ஹெரன் கொல்லப்பட்டார், ஃபார்ஸ்டர் கைதானார். கடைத்தெரு பக்கத்தில் இல்லாதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இரு அரசுகளின் மனப்போக்கைக் காட்ட ஒரு நிலத்துண்டு போதும். எஸ்க், சார்க் ஆறுகளுக்கு இடையே, ஏறத்தாழப் பத்து மைல் நீளமும் நான்கு மைல் அகலமுமாக, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாத ஒரு பகுதி. பகலில் இரு தரப்பும் மாடு மேய்க்கலாம், வீடு கட்டக் கூடாது. அதில் ஆர்ம்ஸ்ட்ராங்குகளும் கிரஹாம்களும் குடியேறினார்கள். அவர்களை அடக்க வேண்டிய பொறுப்பு எந்த அரசுக்கும் இல்லை. 1551இல் வார்டன்கள் வெளியிட்ட அறிவிப்பு, அங்கே இருப்பவரைக் கொள்ளையடிக்கலாம், எரிக்கலாம், கொல்லலாம், கேள்வி கிடையாது என்றது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தூதரை நடுவராக வைத்து நிலத்தைப் பிரித்து, நடுவில் மூன்றரை மைல் நீள மண் கரை எழுப்பினார்கள். அவ்வளவு சுலபமாக முடியும் வேலையை அதுவரை செய்யாமல் இருந்தது சோம்பலால் என்று நான் நம்பவில்லை. எதிரியின் வாசலில் சம்பளமில்லாத படை ஒன்று நிற்பது இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

வசதி எங்கே முடிந்தது என்பதைக் கின்மண்ட் வில்லி கதை காட்டும். வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங், பெரிய கொள்ளைத் தலைவன். 1596 மார்ச்சில் ஒரு சமாதான நாள் முடிந்து வீடு திரும்பும்போது, சூரிய உதயத்துக்கு முன்பே, மரபை மீறி ஆங்கிலேயர் அவனைப் பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்தார்கள். லிட்டிஸ்டேல் காவல் பொறுப்பிலிருந்த வால்ட்டர் ஸ்காட் ஆஃப் பக்ளூ முறையாகக் கேட்டுப் பார்த்தார், வார்டன் ஸ்க்ரோப் பிரபு விடவில்லை. ஏப்ரல் 13 இரவு, கொட்டும் மழையில், ஈடன் ஆறு பெருகி ஓட, எண்பது பேர் அளவில் வந்தார்கள். கொண்டுவந்த ஏணிகள் மதிலுக்கு எட்டவில்லை. பக்கவாசல் ஒன்றை உடைத்துப் போய் வில்லியைத் தூக்கிவந்தார்கள். உள்ளே இருந்தவர்களின் உதவி இருந்தது. ஆங்கிலப் பக்கத்துக் கிரஹாம்களே துணைபோனார்கள். ஸ்க்ரோப் தன் அறிக்கையில், வந்தவர்கள் ஐந்நூறு பேர் என்று எழுதினார். மானம் போனவர் கணக்கு அப்படித்தான் இருக்கும். எலிசபெத் அரசி கொதித்தார். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸுக்கோ இங்கிலாந்து அரியணையின்மேல் கண். ஒரு மாட்டுத் திருடனுக்காக அதை இழக்க அவர் தயாரில்லை. பக்ளூ 1597இல் ஆங்கிலேயரிடம் சரணடைய வேண்டியிருந்தது.

1603 மார்ச் 24 அன்று எலிசபெத் இறந்தார். எல்லை வார்டனாக இருந்த ராபர்ட் கேரி குதிரை மாற்றி மாற்றி ஓட்டி, மூன்றே நாளில் எடின்பரோ சேர்ந்து ஜேம்ஸுக்குச் செய்தி சொன்னார். வழியில் விழுந்து தலையில் அடிபட்ட ரத்தத்தோடு மன்னர் முன் நின்றார் என்பார்கள். அரசி இறந்தால் சட்டமும் இறந்துவிட்டது என்று எண்ணிய கிரஹாம்கள், ஆர்ம்ஸ்ட்ராங்குகள் அந்த வாரமே கம்பர்லாந்துக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் மாடு ஓட்டினார்கள். கணக்குத் தப்பாயிற்று. இரண்டு முடியும் ஒரே தலையில் ஏறியிருந்தது. எல்லை என்ற சொல்லையே கைவிட்டு 'நடு நாடுகள்' என்று பெயர் மாற்றினார் ஜேம்ஸ். வார்டன்கள் போனார்கள், சமாதான நாள்கள் போயின. 1605இல் பக்கத்துக்கு ஐந்து பேராக ஆணையர்கள் வந்தார்கள். ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐம்பது ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்றார்கள். தூக்குமரங்கள் ஓயவில்லை. ஜெட்பர்க்கில் முதலில் தூக்கு, பிறகு விசாரணை என்று பேச்சு வழக்கே உண்டாயிற்று.

கிரஹாம்களுக்கு நேர்ந்தது தனிக்கதை. அவர்கள் நிலத்தைக் கம்பர்லாந்து பிரபு கேட்டார், கிடைத்தது. ஆண்களைப் பிடித்து நெதர்லாந்தின் ஃப்ளஷிங், பிரில் கோட்டைக் காவலுக்கு அனுப்பினார்கள். பலர் தப்பித் திரும்பினார்கள். 1606 முதல் குடும்பங்களோடு அயர்லாந்தின் ராஸ்கமனுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே நிலமும் சரியில்லை, கூலியும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் இவர்களின் தாத்தாக்கள் செய்ததைச் சேவை என்று வரவில் வைத்த அரசு, பேரன்களைப் பெயரைச் சொல்லியே நாடு கடத்தியது. திருடர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. 1580களின் ஆங்கில ஆவணங்களில் டெம்மன் என்ற சிற்றூரின் ஏழை விதவையும் ஊராரும் கொடுத்த புகார் இருக்கிறது: கொலை, ஆள்களைப் பிடித்துப்போய்ப் பணம் பறித்தது, வீடுகளை எரித்தது. அவளுக்கு 1605 நல்ல ஆண்டாகவே இருந்திருக்கும். நான் கேட்பது, அந்தக் கொள்ளைக்காரனை வளர்த்தவர்கள் எந்தத் தூக்குமரத்துக்கும் வரவில்லையே என்பதுதான்.

பின்னாளில் 1640இல், 1650இல், 1745இல் படைகள் இந்தக் கோட்டைக் கடந்தன. அவை மதம், நாடாளுமன்றம், அரச வாரிசு ஆகியவற்றுக்காக நடந்தவை. எல்லைக்காரர்களின் சண்டை 1600களின் தொடக்கத்தோடு முடிந்தது.

முடிந்த பிறகு பாட்டாயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, அந்தக் குடியில் வந்த சர் வால்ட்டர் ஸ்காட் வீடு வீடாகக் கதைப்பாடல்களைத் திரட்டி 1802இல் கெல்சோவில் அச்சிட்டார். திருடர்கள் எல்லாம் வீரர்களானார்கள். பாடிக் கொடுத்தவர்களில் ஒருவரான மார்கரெட் லெய்ட்லா, இவை பாடத்தான், படிக்க இல்லை, அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஸ்காட்டிடமே கடிந்துகொண்டாராம். கின்மண்ட் வில்லி பாடலில் பெரும் பகுதி ஸ்காட்டே இட்டுக்கட்டியது என்பது ஆய்வாளர்களின் ஐயம். டெம்மன் விதவைக்குப் பாட்டில்லை.

இந்தத் தொகுப்பில் ஸ்காட்டுக்கு வலது கையாக இருந்தவர் நம்மூர் வரை வந்தவர். ஜான் லெய்டன், டீவியட்டேலின் டென்ஹம் கிராமத்தில் 1775இல் பிறந்தவர். ஒரு பாடலின் விடுபட்ட அடிகளுக்காக நாற்பது ஐம்பது மைல் நடந்து போய், ஒரு முதியவரிடம் கேட்டுக்கொண்டு, பாடிக்கொண்டே ஸ்காட்டின் விருந்தறைக்குள் நுழைந்தார் என்பது ஸ்காட்டே எழுதிய செய்தி. அந்த லெய்டன் 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக மெட்ராஸில் இறங்கினார். மெக்கன்சி சுவடிகளை அறியாத தமிழக வரலாற்று மாணவர் இருக்க முடியாது. அதே மெக்கன்சியின் மைசூர் நில அளவைக் குழுவில் மருத்துவராகச் சேர்ந்து, காய்ச்சலில் கிடந்தபடியே மொழிகளைப் படித்தார். 1811இல் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவோடு ஜாவா மீது படையெடுக்கப் போன இடத்தில் இறந்தார். மிண்டோவின் குடும்பப்பெயர் எலியட். லிட்டிஸ்டேலில் மாடு ஓட்டிய அதே எலியட்.

அடுத்த ஆண்டு யாராவது மெக்கன்சி குழுவைப் பற்றி ஆய்வேடு எழுதினால், அந்தக் குழுவின் மருத்துவர் எந்த ஊர்ப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் என்பதற்கும் ஓர் இயல் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃப்ளாடனில் ஏன் தோற்றார்கள் என்று கேட்க நினைப்பவர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள். அதற்கு வரைபடம் வேண்டும், மேசை வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.